யாருடைய பாட்டு?

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா, அம்மா, கணவர், மனைவி இவர்களில் யாராவது ஒருவரை மனசில் நினைத்துக்கொண்டு, அவருக்கு மிக மிகப் பிடித்த ஐந்து பாட்டுகளை எழுதுங்கள். அவரிடம் போய்க் கேட்கக் கூடாது. அது காப்பி அடிப்பது.

அப்பாவுக்கு சர்க்கரை எவ்வளவு, பிரஷர் மாத்திரை என்ன கலர் என்றால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். எல்.ஐ.சி. பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். பாட்டு என்றதும்தான் உதைக்கும். "அவர் பழைய பாட்டெல்லாம் கேட்பார் சார்" என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுவோம். பழைய பாட்டு என்றால் எது? டி.எம்.எஸ்ஸா, சந்திரபாபுவா, பி.பி.ஸ்ரீனிவாஸா? எந்தப் படம்? முப்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், ஐந்து பாட்டு தேறவில்லை!

பொழுதுபோகாமல் கேட்கிற கேள்வி இல்லை இது. ஒருநாள் திடீரென்று அவரால் பேச முடியாமல் போனால், இந்த ஐந்து பாட்டு வைத்தியத்தில் ஒரு பங்காக இருக்கக்கூடும். எப்படி என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு, அதிலிருந்து கிளம்புகிற ஒரு தர்மசங்கடமான கேள்வியையும் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரம். அங்கே டெப்போ சார்காமோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2008-ல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 60 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டிக்குப் பாட்டு. இரண்டாவது கோஷ்டிக்கு யாரோ வாசித்துப் பதிவு செய்த ஒலிப்புத்தகங்கள். மூன்றாவது கோஷ்டிக்கு இரண்டும் கிடையாது. மற்றபடி மருந்து, மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் மூவருக்கும் வழக்கம்போல. பாட்டுக் கோஷ்டி இரண்டு மாதத்துக்குத் தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மூன்றாவது மாதம் பரிசோதித்துப் பார்த்தார்கள். காதால் கேட்ட வார்த்தைகளையும் கதையையும் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்கிற சக்தி, ஸ்ட்ரோக் வந்த முதல் வாரத்தில் இருந்ததைவிட, பாட்டுக் கேட்டவர்களுக்கு 60 சதவிகிதம் முன்னேறியிருந்தது. ஒன்றுமே கேட்காதவர்களுக்கு 29. ஒலிப்புத்தகம் கேட்டவர்களுக்கு 18. ஒரு விஷயத்தில் கவனத்தைக் குவிக்கும் திறன் பாட்டுக் கோஷ்டிக்கு 17 சதவிகிதம் கூடியிருந்தது. மற்ற இரண்டு கோஷ்டியிலும் அது அசையவில்லை. மனச்சோர்வும் குழப்பமும் பாட்டுக் கேட்டவர்களுக்குத்தான் குறைச்சல். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நினைவிலும் கவனத்திலும் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

பிறகு 2014-ல் இதே நோயாளிகளில் 49 பேரின் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்கு மூளையின் முன்பகுதியில், அடிபடாத சில இடங்களில், சாம்பல் நிறத் திசுவின் அளவே கொஞ்சம் கூடியிருந்தது. 2020-ல் ஹெல்சிங்கி, துர்க்கு ஆகிய இரண்டு ஊர்ச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்ததில் இன்னொரு சங்கதியும் தெரிந்தது. வெறும் வாத்தியத்தைவிட வாய்ப்பாட்டு, அதாவது வார்த்தை உள்ள பாட்டு, நினைவுக்கும் பேச்சுக்கும் அதிகம் உதவியது.

உடனே குதிக்க வேண்டாம். 60 பேர், அதிலும் கடைசிவரை நின்றவர்கள் 54 பேர். சின்னக் கணக்குதான். பாட்டு ஸ்ட்ரோக்கைக் குணப்படுத்திவிடும் என்று ஹெல்சிங்கிக்காரர்களே சொல்லவில்லை. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ஸ்கேன் எடுத்து, அடைப்புதான் என்று தெரிந்தால் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் வெளியே அனுப்புங்கள். பாட்டுக்கு வேலை அதற்கப்புறம்தான். கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நீண்ட நாட்கள் இருக்கின்றனவே, அந்த நாட்களில்.

சரி, அந்த ஹெல்சிங்கி நோயாளிகள் என்ன பாட்டுக் கேட்டார்கள்? மொஸார்ட்டா? பாக்கா? பின்லாந்தின் பெருமையான சிபேலியஸா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டாக்டர்கள் எந்தப் பாட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. இசை சிகிச்சையாளர் ஒருவர் ஒவ்வொரு நோயாளியிடமும், 'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று விசாரித்தார். அந்தந்த ஆளுக்குப் பிடித்ததை சி.டி.யாகக் கொடுத்தார். பாப் பிடித்தவருக்கு பாப், ஜாஸ் பிடித்தவருக்கு ஜாஸ், நாட்டுப்பாடல்காரருக்கு நாட்டுப்பாடல், பக்திப்பாட்டு கேட்டவருக்கு அது. பிளேயரை எப்படி இயக்குவது என்றும் கற்றுக்கொடுத்தார். பாட்டைப் போடுவதும் நிறுத்துவதும் முடிந்தவரை அவரவர் கையில்.

கேட்டது பாட்டு என்பது பாதி விஷயம்தான். அது அவரவர் பாட்டு என்பதுதான் மீதிப் பாதி.

இந்த மீதிப் பாதியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் சோட்டோவும் சகாக்களும் மூன்று நோயாளிகளைச் சோதித்தார்கள். அந்த மூவருக்கும் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒரு விசித்திரமான குறை. கண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பக்கத்து உலகமே கவனத்துக்கு வராது. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, இடது பாதி அப்படியே இருக்க, 'இன்னும் கொஞ்சம் போடு' என்று கேட்கிற மாதிரியான குறை. அவர்களுக்கு மிகவும் பிடித்த பாட்டைப் போட்டபோது, கவனிக்காத அந்தப் பக்கத்துப் பொருட்களையும் கூடுதலாகக் கண்டுகொண்டார்கள். பிடிக்காத பாட்டைப் போட்டபோது? அந்த முன்னேற்றம் இல்லை. நிசப்தத்திலும் இல்லை. அதே காது, அதே மூளை, வெறும் 'பிடித்தது', 'பிடிக்காதது' என்ற வித்தியாசம்தான்.

ஸ்ட்ரோக் இல்லாதவர்களிடமும் இதே கதைதான். 2011-ல் கனடாவின் மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் 8 பேரை ஸ்கேனில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். உடம்பு சிலிர்க்கிற அளவுக்குப் பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் சுரந்தது. நல்ல சாப்பாட்டுக்கும் ஆசைப்பட்டது கிடைத்த சந்தோஷத்துக்கும் சுரக்கிற அதே ரசாயனம். இதில் ஒரு அழகான தந்திரம் பண்ணினார்கள். ஒருவரைச் சிலிர்க்க வைத்த இசையையே இன்னொருவருக்கு 'சாதா' இசையாகப் போட்டார்கள். இவருக்கு அமிர்தம், அவருக்கு வெறும் சத்தம்!

அப்படியானால் 'மொஸார்ட் கேட்டால் புத்தி வளரும்' என்றார்களே, அது? 1993-ல் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சின்னச் சோதனையில், மொஸார்ட் கேட்டபின் ஒருவகைப் புதிரில் சுமார் கால் மணி நேரத்துக்கு மதிப்பெண் கூடியது. அவ்வளவுதான். அதை ஊதிப் பெரிசாக்கி, 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் கிளாசிகல் சி.டி. கொடுக்க அரசாங்கப் பணம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. மறு வருஷமே கனடாவில் இரண்டு பேர் அதே புதிரை மொஸார்ட்டுக்குப் பதில் ஸ்டீபன் கிங்கின் கதையை வாசித்துக்காட்டியும் சோதித்தார்கள். கதை பிடித்தவர்களுக்குக் கதை கேட்டபின் மதிப்பெண் கூடியது. மொஸார்ட் பிடித்தவர்களுக்கு மொஸார்ட் கேட்டபின். மகத்துவம் மொஸார்ட்டிடம் இல்லை, பிடித்துப்போவதில் இருந்தது. இன்ன ராகத்துக்கு இன்ன வியாதி போகும் என்று நம் ஊரிலும் பட்டியல்கள் சுற்றுகின்றன. அவற்றைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தர்மசங்கடத்துக்கு வருவோம்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயசுப் பெரியவர். ஸ்ட்ரோக் வந்து பேச்சுப் போய்விட்டது. வலது கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. பாட்டு நல்லது என்று மகள் எங்கோ படித்துவிட்டு, பாசத்தோடு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வருகிறாள். காலையில் சுப்ரபாதம், அப்புறம் கவசம், மத்தியானம் வீணை, சாயங்காலம் பஜன். குறையே சொல்ல முடியாத ஏற்பாடு. வந்து பார்க்கிற உறவினர்களெல்லாம், "என்னமா பாத்துக்கிறா பாருங்க" என்று மெச்சுகிறார்கள்.

பெரியவர் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்? அவருக்கு வேண்டியது எல்.ஆர்.ஈஸ்வரி. காலேஜ் நாளில் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசிலடித்த பாட்டு. அதை அவர் கல்யாணத்துக்கு அப்புறம் யார் முன்னாலும் முணுமுணுத்ததுகூட இல்லை. குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லவும் வாயில்லை.

மகள் செய்தது தப்பா?

"இதில் என்ன தப்பு? பிசியோதெரபி மட்டும் கேட்டுக்கிட்டா பண்றோம்? வலிக்குதுன்னு முகத்தைச் சுளிச்சாலும் விடறதில்லையே. கசப்பு மாத்திரையை நைஸ் பண்ணிக் கொடுக்கறதில்லையா? நல்லதுக்குத்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்க முடியாது.

பதில் இரண்டு தளத்தில் இருக்கிறது.

முதல் தளம் வெறும் லாப நஷ்டக் கணக்கு. மாத்திரை வேலை செய்ய நமக்கு அதைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. திட்டிக்கொண்டே விழுங்கினாலும் ரத்தத்தில் கலந்துவிடும். மடங்கிய கையை மனசில்லாமல் நீட்டினாலும் நீட்டியது நீட்டியதுதான். பாட்டு அப்படி இல்லை. இதுவரை பார்த்த சோதனைகளெல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: பிடித்திருந்தால்தான் பலன். மாத்திரையைத் திணிக்கலாம். பிடித்துப்போவதைத் திணிக்க முடியாது. அவர் வாயைத் திறந்து சாதம் ஊட்டலாம். ருசி அவருடைய நாக்கில்தான் இருக்கிறது.

இரண்டாவது தளம் இன்னும் முக்கியம். பலன் பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். பாட்டால் நயா பைசா பிரயோஜனம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்க வேண்டும் என்பேன். ஏன்?

ஸ்ட்ரோக் ஒரே ராத்திரியில் ஒரு மனுஷனிடமிருந்து எதையெல்லாம் பறித்துவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். எப்போது எழுந்திருப்பது, எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, யார் முன்னால் வேட்டி அவிழ்வது... எல்லாம் மற்றவர்கள் முடிவு. வேறு வழியில்லை, அப்படித்தான் பார்த்துக்கொள்ள முடியும். நேற்றுவரை பேங்க்கில் நூறு பேருக்கு உத்தரவு போட்டவர், இன்றைக்கு டாய்லெட்டுக்கு அனுமதி கேட்கக்கூட முடியாமல் கிடக்கிறார். அந்த அறையில் அவருடைய இஷ்டப்படி விட்டால் எந்த ஆபத்தும் வராத, காசும் செலவாகாத ஒரே சமாசாரம், என்ன பாட்டு ஓடுகிறது என்பது. அந்த ஒன்றையும் நாமே எடுத்துக்கொள்வதா? அதுவும் 'உங்க நல்லதுக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு?

இன்னொன்றும் உண்டு. பிடிக்காததைப் பார்க்க வேண்டாமென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை கிடையாது. கையும் வராமல் வாயும் வராமல் படுத்திருப்பவருக்கு, பிடிக்காத பாட்டு தப்பிக்க வழியில்லாத ஒரு கூண்டு. ஸ்ட்ரோக்குக்குப் பின் மூளை சட்டென்று களைத்துவிடும். அப்போது நாள் பூராவும் ஓடுகிற எந்தப் பாட்டும், பிடித்த பாட்டே ஆனாலும், இம்சைதான். ஹெல்சிங்கியில் ஒரு மணி நேரம்தான் கேட்கச் சொன்னார்கள். பதினாறு மணி நேரம் அல்ல.

"அவருக்குத்தான் பேச்சே வரலையே, அவருக்கு என்ன தெரியப் போகுது?" என்பார்கள் சிலர். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவர் காதுபடவே சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு ருஷ்யக்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். விஸ்ஸாரியோன் ஷெபாலின் என்று ஒரு இசையமைப்பாளர். மாஸ்கோ இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1953-ல் ஒரு ஸ்ட்ரோக். 1959-ல் இன்னொன்று. இரண்டாவது ஸ்ட்ரோக், பேச்சையும் மற்றவர் பேச்சைப் புரிந்துகொள்வதையும் மோசமாகப் பாதித்துவிட்டது. சாதாரண வாக்கியம் சேர்ப்பதே போராட்டம். ஆனால் அதே மனிதர் தொடர்ந்து இசை எழுதினார். 1962-ல் தன்னுடைய ஐந்தாவது சிம்பொனியை முடித்தார். மறு வருஷம் இறந்துபோனார். புகழ்பெற்ற நரம்பு உளவியல் நிபுணர் லூரியா இவரைப் பற்றி 1965-ல் சகாக்களுடன் சேர்ந்து கட்டுரை எழுதினார். வாய் மூடிக்கொண்டது. ஆனால் இந்த ஸ்வரம் சரி, இது தப்பு, இது அழகு என்று தீர்மானிக்கிற ஆள் உள்ளே முழிப்பாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஷெபாலின் இல்லைதான். ஆனால் பேச்சுப் போனால் ரசனையும் போயிற்று என்று முடிவுகட்ட நமக்கு எந்த உரிமையும் இல்லை என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

சரி, பேச்சில்லாதவரிடம் எப்படிக் கேட்பது? வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். 'என்ன பாட்டு வேணும்?' என்று கேட்காதீர்கள், திணறிவிடுவார். இரண்டே இரண்டு பாட்டை அரை அரை நிமிஷம் போட்டுக் காட்டுங்கள். கட்டை விரலை உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது இரண்டு சினிமா ஸ்டில்லைக் காட்டித் தொடச் சொல்லுங்கள். இந்த நிலையில் சிலர் 'இல்லை' என்பதற்கு 'ஆமாம்' என்று தலையாட்டிவிடுவார்கள். அதனால் ஒரு தடவையோடு விடாமல், முகத்தையும் பார்த்து, வரிசையை மாற்றி இன்னொரு தரம் கேளுங்கள். காது மெஷின் போடுகிறவரா? அதை முதலில் மாட்டிவிடுங்கள். வலது கை வராதவருக்கு ஸ்விட்சை இடது கைக்குப் பக்கத்தில் வையுங்கள். இடது பக்கமே கவனத்தில் இல்லாதவருக்கு வலது பக்கம். அந்த ஸ்விட்ச்தான் இதில் உயிர்நாடி. ஸ்பீக்கர் என்ன விலையானாலும் இருக்கட்டும்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டைப் போட்டுவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போனால் அது பாவமில்லை. ஹெல்சிங்கியில் முடிந்தவர்கள் தாங்களாகவேதான் கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆள் பக்கத்திலேயே போகாமல் இருப்பதற்குப் பாட்டு ஒரு சாக்காக மாறினால் மட்டும் தப்பு.

இத்தனையும் படித்துவிட்டு, அந்த ஐந்து பாட்டை இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று சிலருக்குத் தோன்றும். செய்யுங்கள். நல்ல காரியம். காரணம் சொல்லிப் பயமுறுத்தாமல், சாப்பிடும்போது சும்மா கேளுங்கள். எல்.ஆர்.ஈஸ்வரி வந்தால் சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலும் சாசனம் இல்லை. நோய் ஒரு மனுஷனை மாற்றும். நேற்று உயிரான பாட்டு இன்றைக்குத் தாங்க முடியாததாகிவிடலாம். அவளோடு சேர்ந்து கேட்டது, அவள் இப்போது இல்லை... இப்படி எவ்வளவோ இருக்கும். பழைய அவர் எழுதிக்கொடுத்த பட்டியல் ஒரு பக்கம், இப்போதைய அவர் காட்டுகிற முகச்சுளிப்பு ஒரு பக்கம் என்று வந்தால், முகச்சுளிப்புக்குத்தான் ஓட்டு. கட்டிலில் கிடப்பது இப்போதைய அவர்தானே?

ஆகவே, நீங்கள் தேடிப்பிடித்துப் போட்ட பாட்டை அவர் நடுங்குகிற விரலால் பாதியில் அணைத்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'இவருக்காக இவ்வளவு பண்றேன், அருமை தெரியலையே' என்று முணுமுணுக்காதீர்கள். வியாதி வந்த நாளிலிருந்து அவர் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.